மதகின் தலையில் இறங்கும் மண் பாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீதி, வடிகால் வேலைகளோடு நெடுங்காலம் பழகியவன் நான். ஐப்பசி பிறக்க முதலே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒழுங்கை மதகு வெடித்துவிட்டது, படலையடியில் போட்ட கொங்கிறீற் குழாய் நசிந்துவிட்டது, போன வருடம் கட்டிய நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டியின் சுவர் உள்ளே தள்ளுகிறது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். புதைத்ததன் மேல் மண் பாரம் எப்படி வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று மேசன்மாரும் வளவுக்காரரும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வீதிக்கோ தண்டவாளத்துக்கோ கீழே தண்ணீர் போக விடுகிற குழாயையும் கொங்கிறீற் பெட்டியையும்தான் மதகு என்று சொல்கிறேன்.

மதகின் மேல் இறங்குவது அதற்கு நேர் மேலே உள்ள மண்ணின் நிறைதானே? அதில் கூட்டவும் குறைக்கவும் என்ன இருக்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு கன மீற்றர் மண் ஏறக்குறைய 1.8 தொன். மேலே மூன்று மீற்றர் மண் என்றால் சதுர மீற்றருக்கு 5.4 தொன். கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மண் தண்ணீர் மாதிரி இல்லை. அது பக்கத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கோயில் திருவிழாவில் வாகனம் காவியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொம்பின் கீழே நிற்கிறவர்களில் ஒருவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், அவருடைய பங்கு பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஏறிவிடும். நெட்டையானவர், அசையாமல் விறைப்பாக நிற்பவர்தான் கூடப் பாரம் வாங்குவார். மண்ணுக்குள்ளும் அதே கதைதான். எது தாழ்கிறதோ அது பாரத்தை விடும், எது தாழாமல் நிற்கிறதோ அது வாங்கும்.

மதகு கொங்கிறீற், தாழாது. அதன் இரு பக்கமும் நிரப்பிய மண் இளக்கமாக இருந்தால் மாதக் கணக்கில் தாழ்ந்துகொண்டே போகும். தாழும்போது மதகின் தலைக்கு மேலுள்ள மண்ணையும் உராய்ந்து கீழே இழுக்கும். அப்போது மதகின் மேல் வருவது நேர் மேல் மண்ணின் நிறையைவிடக் கூடிவிடும். மறுபக்கமாக, மதகுக்கு மேலுள்ள மண் பக்கத்து மண்ணைவிடக் கூடத் தாழ்ந்தால், பக்கத்து மண் அதைத் தாங்கிப் பிடிக்கும். மதகுக்கு வரும் பாரம் குறையும். பாரத்தைக் குறைக்கும் முறைகள் எல்லாம் இந்த இரண்டாவது நிலையை வரவழைக்கும் முயற்சிகள்தான்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

வழி வழியாக வந்தது. 1895இல் ஜான்சன் என்ற ஜேர்மன் பொறியியலாளர் தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்தார். உயரம் கூடக் கூட அடித்தட்டின் பாரம் அதே அளவில் கூடவில்லை, சுவர் உராய்வில் ஒரு பங்கைத் தாங்கிவிடுகிறது என்று காட்டினார். நெல் கொம்பறையிலும் இதுவே நடக்கிறது. அதன் பிறகு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வயல் நிலங்களின் வடிகால் குழாய்கள் மண்ணுக்குள்ளேயே வெடித்துக்கொண்டிருந்தன. அங்கே ஆன்சன் மார்ஸ்டன் என்ற பேராசிரியர், அகழியில் புதைத்த குழாய்க்கு எவ்வளவு பாரம் வரும் என்ற கணக்கை 1913இல் வெளியிட்டார். இன்றும் புதைகுழாய்க் கணக்குகளின் அடி அதுதான். 1936இல் மண் பொறியியலின் முன்னோடியான தெர்சாகி ஒரு மணல் பெட்டியின் அடியில் சிறு கதவு வைத்து அதை மெல்ல இறக்கிப் பார்த்தார். கதவு மயிரிழை இறங்கியதுமே அதன் மேலிருந்த பாரத்தின் பெரும் பங்கு பக்கத்துக்குப் போய்விட்டது.

எங்கள் ஒழுங்கை மதகுக்கு மேல் ஒன்றரை அடி மண்கூட இல்லை. அதற்கும் பாரத்தைக் குறைக்கும் முறைகள் தேவையா?

தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான மதகுகளுக்கு இதுதான் பதில். தரை தட்டையானது, ஆழம் குறைவு. வழுக்கையாற்று ஓரமாக அராலி வரை நடந்து பார்த்தாலும் மண்மேடு உயர்ந்த மதகைக் காண்பது அரிது. இங்கே மதகை உடைப்பது மண் இல்லை, சில்லு.

ஒரு கணக்கைப் பாருங்கள். பின் அச்சில் 10 தொன் ஏற்றிய ரிப்பர் ஒன்றின் ஒரு பக்கச் சில்லுகள் 5 தொன்னைத் தரையில் வைக்கின்றன. தொடும் இடம் 25 சென்ரிமீற்றருக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஆழம் போகப் போக அந்தப் பாரம் நாலாபக்கமும் விரிகிறது. இரண்டுக்கு ஒன்று (இரண்டு பங்கு கீழே போனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு பங்கு) என்ற வழமையான சரிவில் விரிகிறது என்று எடுத்தால், 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 19 தொன், 30இல் 11, 60இல் 5.4, ஒரு மீற்றரில் 2.7. மூன்று மீற்றரில் அரைத் தொன்கூட இல்லை. மண்ணின் நிறையோ எதிர்ப் பக்கமாக ஏறுகிறது: 15 சென்ரிமீற்றரில் கால் தொன், ஒரு மீற்றரில் 1.8, மூன்று மீற்றரில் 5.4.

இரண்டையும் கூட்டினால் ஒரு மீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கும் இடையில்தான் மொத்தப் பாரம் மிகக் குறைவு. ஒன்றரை மீற்றரில் அது நாலு தொன் சொச்சம். ஆகவே உங்கள் மதகுக்கு மேலே இருக்கிற கொஞ்ச மண் அதற்கு எதிரியில்லை, குடை. "பாரத்தைக் குறைப்பம்" என்று அதை வழித்து எடுத்துவிட்டு மேலே நேரே தார் போட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாரிக்குள் குழாயின் தலை வெடித்திருந்தது.

அப்படியானால் ஆழம் குறைந்த குழாயைக் கனரக வாகனத்திடமிருந்து எப்படிக் காப்பது?

குழாய்க்கு மேலே கம்பி கட்டிய கொங்கிறீற் தட்டு ஒன்றைப் போடலாம். பலர் விடும் பிழை, தட்டைக் குழாயின் முதுகில் நேரே இருத்துவது. அப்படிச் செய்தால் தட்டு வாங்கும் பாரம் முழுக்கக் குழாய்க்குத்தான் போகும். தட்டு அகழியைவிட அகலமாக இருக்க வேண்டும். அதன் இரு ஓரங்களும் கிண்டாத பழைய தரையில், ஓரத்துக்கு ஒரு அடியாவது ஏறி இருக்க வேண்டும். குழாயின் முதுகுக்கும் தட்டுக்கும் இடையில் இடித்து இறுக்காத மணலைப் பரவி விடுங்கள். பாரம் வரும்போது அந்த மணல் விட்டுக்கொடுக்கும், தட்டு தன் பாரத்தைப் பக்கத் தரைக்குக் கொடுக்கும். தட்டின் தடிப்பையும் கம்பியையும் ஒரு பொறியியலாளரிடம் கேட்டுப் போடுங்கள். கண்மதிப்பில் போட வேண்டாம்.

வலிகாமத்தில் நாலு அடி வெட்டினால் பாறை வந்துவிடுகிறது. பாறையில் மதகை இருத்தினால் பலம்தானே?

இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் மண்ணுக்கே உரிய பிழை இது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் பக்கமெல்லாம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு "ணங்" என்று அடித்ததும் மேசனுக்கு முகம் மலரும். நல்ல அத்திவாரம் கிடைத்துவிட்டது என்று குழாயை நேரே பாறையில் வைத்துவிடுவார்.

வீட்டுக்கு அது சரி. மதகுக்கு அது இரண்டு விதத்தில் கேடு. முதலாவது, பாறையில் இருக்கும் குழாய் ஒரு நூல்கூடத் தாழாது. பக்கத்தில் நிரப்பிய செம்மண்ணோ மாரியில் நனைந்து தாழ்ந்தே தீரும். வாகனம் காவுவோரில் முழங்கால் மடக்காத ஆள் இப்போது உங்கள் குழாய். இரண்டாவது, பாறை சமதளமாக இராது. குழாயின் வயிறு இரண்டு மூன்று கல் முனைகளில் மட்டும் தொட்டு நிற்கும். முழுப் பாரமும் அந்த முனைகளில் குவியும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஒழுங்கையில் இப்படிப் போட்ட குழாயின் உள்ளே ரோச் லைற்றோடு ஊர்ந்து போனேன். தலையில் நெடுகிலும் ஒரு வெடிப்பு, அடியில் அதற்கு நேர் கீழே இன்னொன்று. அடி வெடிப்புக்குள் விரலை வைத்துத் தடவினால் கீழே கல் முனை தட்டுப்பட்டது. குழாயில் குறை இல்லை. அதே லொறியில் வந்த மற்றக் குழாய்கள் அடுத்த ஒழுங்கையில் நன்றாகவே இருந்தன, அங்கே தரை மணல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாறையைக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே இன்னும் 15 முதல் 30 சென்ரிமீற்றர் உடைத்து எடுங்கள். அந்த இடத்தை மணலாலோ சிறு சல்லியாலோ நிரப்பிப் படுக்கை போடுங்கள். குழாயின் வயிற்று வளைவுக்கு ஏற்றபடி படுக்கையைத் தோண்டி, குழாய் நெடுகிலும் தொட்டு இருக்கும்படி வையுங்கள். இணைப்பின் தடித்த காது வரும் இடத்தில் சின்னப் பள்ளம் விடுங்கள். பெட்டி மதகுக்கும் மணல் படுக்கை நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் கரைத்த பொந்துகள் இருக்கும். நிலாவரைக் கிணறே அப்படி வந்ததுதான். பாறையில் பொந்து தெரிந்தால் அதை அடைக்காமல் மணல் போட வேண்டாம், மணல் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும்.

பக்க மண்ணை இடிப்பதால் மட்டும் பாரம் எவ்வளவு குறையும்?

அமெரிக்க வீதிப் பால விதிகளில் பெட்டி மதகுக்கு ஒரு பெருக்கு எண் இருக்கிறது. பக்க மண்ணை நன்றாக இறுக்கினால் நேர் மேல் மண் நிறையின் 1.15 மடங்குக்கு மேல் எடுக்கத் தேவையில்லை. இறுக்காவிட்டால் 1.40 மடங்கு வரை போகும். ஒரே மதகு, ஒரே மண். இடித்தலுக்கும் இடிக்காமைக்கும் இடையில் கால் பங்கு வித்தியாசம். விசேட பொருள் ஒன்றும் வாங்காமல் கிடைக்கும் பலன் இது. எங்கள் ஊருக்கு ஒரேயொரு முறையைச் சொல் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

எப்படி இடிக்க வேண்டும்?

ஒரு தடவைக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் மண். இடமும் வலமும் மாறி மாறி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் முழுக்க நிரப்பிவிட்டு மற்றப் பக்கம் வந்தால் குழாய் நகர்ந்துவிடும். குழாயின் இடுப்புக்குக் கீழே, வளைவு ஒதுங்கும் அந்த இடுக்கில் மிசின் போகாது. அங்கே தடியால் குத்தி மண்ணைத் திணிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பத்தில் ஒன்பது இடத்தில் அந்த இடுக்கு வெறுமையாகவே விடப்படுகிறது. மேலே 60 சென்ரிமீற்றர் மண் ஏறும் வரை றோலரை அதிரவிட வேண்டாம்.

செம்மண்ணுக்கு ஈரம் அளவாக இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் அப்பக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் காய்ந்த மண், சப்பென்று தட்டையானால் ஈரம் கூட. பங்குனி வெயிலில் கட்டி கட்டியாக வரும் மண்ணை அப்படியே கொட்டினால் கட்டிகளுக்கு இடையில் வெற்றிடம் இருக்கும். மழையில்தான் அது தெரியவரும்.

மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் தானாக இறுகாதா?

வடமராட்சி, தென்மராட்சிச் சுத்தமான மணலுக்குத் தண்ணீர் கொஞ்சம் உதவும், அதுவும் தண்ணீர் வடிந்து போக வழி இருந்தால். செம்மண்ணுக்கு இது ஆகவே ஆகாது. சேறாகும், காயும், வெடிக்கும், அடுத்த மழையில் திரும்பவும் தாழும். மதகின் பக்கத்துக்குச் செம்மண்ணைவிட மக்கியோ கிறவலோ நல்லது. செலவைப் பார்த்து மதகின் இரு பக்கமும் ஒரு மீற்றர் அகலத்துக்கு மட்டும் போட்டாலே பெரிய ஆறுதல்.

அகழி அகலமாக இருந்தால் வேலை சுகம். பாரத்தில் வித்தியாசம் வருமா?

வரும், அதுவும் நினைக்காத அளவுக்கு. பெக்கோ ஓட்டுகிற தம்பி "அண்ணை, இன்னும் ஒரு வாளி அகலம் எடுத்தா நின்று வேலை செய்யலாம்" என்பார். மார்ஸ்டனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழாய்க்கு மேலே நாலு மீற்றர் மண், அகழி ஒரு மீற்றர் அகலம் என்றால், அகழிக்குள் இருக்கும் மண் மீற்றர் நீளத்துக்கு 7.2 தொன். அகழிச் சுவர்கள் உராய்வில் ஒரு பங்கைத் தாங்குவதால் குழாய்க்கு வருவது ஏறக்குறைய 4 தொன். அகழியை ஒன்றரை மீற்றர் ஆக்கினால் அது 7 தொன் தாண்டிவிடும். அரை மீற்றர் அகலம் கூடியதற்குப் பாரம் இருமடங்கை நெருங்குகிறது. ஒரு எல்லைக்குப் பிறகு இந்த ஏற்றம் நின்றுவிடும், ஏனென்றால் அகழி மிக அகன்றால் அது அகழியாகவே நடந்துகொள்ளாது.

அதனால் ஆழமான கழிவுநீர்க் குழாய், பிரதான நீர்க்குழாய் வேலைகளில் குழாயின் தலைமட்டத்துக்குக் கீழே ஒடுக்கமாகவே வெட்டுங்கள். மேலே வேண்டுமானால் சரிவாக விரிக்கலாம். மண் சரியும் இடத்தில் ஆள் இறங்க முதல் பக்கப் பலகை கட்டுங்கள். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மதகுக்கு மேலே வைக்கோல் போட்டுப் புதைப்பார்களாமே, உண்மையா?

உண்மை. மார்ஸ்டன் காலத்து முறை. மேடு உயர்ந்த இடங்களில் மண்ணை மதகின் தலைக்கு மேலே ஓரளவு வரை இறுக்கி ஏற்றுவார்கள். பிறகு மதகின் அகலத்துக்கு ஒரு அகழியை மேலிருந்து வெட்டி, அதில் வைக்கோல், இலைகுழை, மரத்தூள் என்று அமுங்கும் பொருளைப் போட்டு, அதற்கு மேலே மிகுதி மேட்டைக் கட்டுவார்கள். மேடு உயர உயர அந்தப் பொருள் அமுங்கும், மதகின் மேல் மண் கூடத் தாழும், பக்கத்து மண் அதைப் பிடித்து நிறுத்தும். முழங்காலை வேண்டுமென்றே மடக்கச் செய்கிறோம்.

குறை என்னவென்றால் வைக்கோல் உக்கிப் போகும். உக்கிய இடத்தில் வெற்றிடம், அதில் தண்ணீர். இதனால் 1980களின் இறுதியில் நோர்வேயில் உக்காத ரெஜிபோம் (மீன் பெட்டி செய்யும் வெள்ளை நுரைப் பொருள்) கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அளவீட்டுக் கருவிகள் வைத்த இடங்களில் மதகின் மேல் பாரம் நேர் மேல் மண் நிறையின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

பாரம் மாயமாவதில்லை என்பதை மறக்க வேண்டாம். மேலே குறைந்தது பக்கத்து மண்ணுக்குப் போகிறது. அங்கிருந்து பக்கச் சுவரின் அழுத்தம் கூடும், சுவரோடு உராய்ந்து கீழே இழுக்கும் விசையும் அடித்தட்டுக்கு வரும். மேல் தட்டை மெலிதாக்கிவிட்டுச் சுவரையும் அடியையும் பார்க்காமல் விட்டால் வெடிப்பு இடம் மாறி வரும்.

மதகுக்கு மேலே அமுங்கும் பொருள் போடும் முறையை யாழ்ப்பாணத்தில் எங்கே பயன்படுத்தலாம்?

பாலங்களின் அணுகுமேடு, தண்டவாள மேட்டின் உயர்ந்த பகுதி, தாழ்ந்த காணியை உயர்த்தி மேலே கட்டுமிடம். மூன்று மீற்றருக்குக் குறைந்த மண்ணில் நான் செய்ய மாட்டேன். மண் போதாவிட்டால் அந்தத் தாழ்வு மேலே வந்து வீதியில் பள்ளமாகத் தெரியும்.

மீன் பெட்டி ரெஜிபோமை எடுத்துப் போட்டால் என்ன? செலவே இல்லையே?

குருநகரிலும் பருத்தித்துறையிலும் கழித்துவிட்ட பெட்டிகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் இந்த யோசனை வரும். வேண்டாம். பெட்டிக்குள் வெற்றிடம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிப்பு. எது எவ்வளவு அமுங்கும் என்று சொல்ல முடியாது. அமுக்கம் அளந்த கட்டியாக வாங்க வேண்டும். அதையும் பொலித்தீனால் மூடுங்கள். பெற்றோலோ டீசலோ கசிந்தால் ரெஜிபோம் கரைந்துவிடும்.

இன்னொரு சங்கதி. நோர்வேயில் 1972 முதலே இதை நிறை குறைந்த நிரப்பாகவும் பாவிக்கிறார்கள். மண் கன மீற்றருக்கு 1,800 கிலோ, இது 20 கிலோவுக்கு அண்ணளவு. ஆனால் எங்கள் தாழ்ந்த நிலங்களில் மாரியில் கிணறு வாய்மட்டம் வரை வரும். நீரில் மூழ்கிய ஒரு கன மீற்றர் ரெஜிபோம் 980 கிலோ விசையோடு மேலே தள்ளும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் நின்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். மேலே போதிய மண் இல்லாவிட்டால் வீதியையே தூக்கிவிடும்.

ரெஜிபோமுக்குப் பதிலாகப் பழைய ரயர் போடலாமா?

துண்டாக வெட்டிப் போடலாம், மண்ணில் பாதிக்கும் குறைந்த நிறை. தடித்த படையாகப் போட்டால் உள்ளே சூடேறும். 1990களின் நடுவில் அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தில் இப்படிக் கட்டிய மேடுகள் தாமாகவே சூடாகி எரிந்தன. மூன்று மீற்றருக்கு மேல் தடிப்பாகப் போடுவதில்லை. துண்டாக்கும் மிசின் வசதி இல்லாமல் முழு ரயரைப் புதைப்பது நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

போர்க்காலப் பதுங்கு குழிகளில் பனங்குற்றி எப்படி அவ்வளவு மண்ணைத் தாங்கியது?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு மாணவி, அந்தக் காலத்துக்குப் பின் பிறந்தவர். நான் அதற்குள் இருந்தவன்.

எங்கள் வளவில் வெட்டியபோது அப்பாவும் மாமாவும் ஆறடி அகலம் எடுக்கப் பார்த்தார்கள், எல்லாரும் வசதியாக இருக்கலாம் என்று. அயலில் இருந்த வயதானவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பியவை, அகட்டாதேங்கோ. ஒடுக்கமா வெட்டி 'ட' மாதிரி மடக்குங்கோ" என்றார். அவருக்குக் கணக்குத் தெரியாது, கை தெரியும். குற்றியின் வளைவு விசை நீளத்தின் வர்க்கமாகக் கூடும். நாலடி அகலத்தை ஆறடியாக்கினால் குற்றியின் மேல் வரும் வளைவு விசை இரண்டேகால் மடங்கு. அந்த மனுசனின் சொல்லால் எங்கள் குழி இரண்டு மாரியைத் தாங்கியது.

பனங்குற்றியின் வெளி வைரம் கடுமையானது, ஆனால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வளையும்போது நடுவில் இருக்கிற மண் தாழ்ந்து, பாரத்தில் ஒரு பங்கு ஓரத்துத் தரைக்குப் போகும். ஒடுக்கமான குழியில் அந்த உதவி கூட. மழை வந்தால்தான் பயம். காய்ந்த மண் கன மீற்றருக்கு 1.6 தொன் என்றால் ஊறிய மண் 2 தொன். மாமா இரவில் எழும்பி, மண் மூட்டைகளுக்கு மேலே விரித்த தறப்பாளை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். குற்றிகளுக்கு இடையால் ஈர மண் கழுத்தில் சொட்டியது இன்னும் நினைவிருக்கிறது. செம்மண் பக்கத்தில் சுவர் நிமிர்ந்து நிற்கும். மணல் பக்கத்து ஊர்களில் கூரை நிற்கச் சுவர் சரிந்தது. பக்கத்தைப் பலகையாலும் மூட்டையாலும் கட்டாத குழிகள் உயிரை வாங்கின.

நிலக்கீழ்த் தொட்டியின் சுவர் உள்ளே தள்ளுகிறது. அதுவும் மண் பாரம்தானா?

மண்ணும்தான், ஆனால் பெரும்பாலும் தண்ணீர். இரண்டு மீற்றர் ஆழச் சுவரின் அடியில் காய்ந்த மண் ஏறக்குறைய சதுர மீற்றருக்கு 1.8 தொன் தள்ளும். வெளியே தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்தால் அது 3 தொன். சுவர் அதே சுவர்தான். ஆகவே சுவருக்கு வெளியே ஒரு அடி அகலத்துக்குச் சல்லியும் மணலும் போட்டுத் தண்ணீர் வடிய வழி விடுங்கள். மதகின் வாயில் இரு பக்கமும் மண்ணைத் தடுக்கும் இறகுச் சுவர்களில் கசிவுத் துளை வையுங்கள், உள்பக்கம் சல்லி வைத்து, மண் வராதபடி. செம்மண்ணைச் சுவரோடு அணைத்து நிரப்ப வேண்டாம், ஊறினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மாரியில் தொட்டியையும் மலக்குழியையும் முழுக்க வெறுமையாக்கி வைக்கவும் வேண்டாம். 2,000 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டியை ஊற்று நீர் 2 தொன் விசையோடு மேலே தூக்கும், தொட்டியின் நிறையோ 100 கிலோவுக்கும் குறைவு. மேல் மண்ணைக் குறைத்துவிட்டால் அது மிதந்து எழும்பும். இந்த இடத்தில் மண் பாரம் நமக்கு வேண்டியது.

மதகு வெடித்துவிட்டது. உடனே உடைத்துப் போட வேண்டுமா?

முதலில் வெடிப்பை வாசியுங்கள். குழாயின் உள்ளே தலையிலும் அடியிலும் நெடுகிலும் கோடு, பக்கங்களில் உள்ளே ஒன்றுமில்லை என்றால் மேலிருந்து வரும் பாரம் கூட. பெட்டி மதகின் சுவரில் பாதி உயரத்தில் கிடையாகக் கோடு ஓடினால் பக்க அழுத்தம். இணைப்புகளில் மட்டும் விலகல் என்றால் படுக்கை தாழ்ந்திருக்கிறது.

கம்பி போட்ட குழாயில் 0.3 மில்லிமீற்றர் வரையான கோடு கம்பி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். ஈரத்தில் அது சுண்ணாம்பு படிந்து தானே மூடுவதும் உண்டு. கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் குறித்துத் திகதி எழுதுங்கள். மார்கழி முடிய மறுபடி பாருங்கள். கோடு நீண்டிருந்தாலோ, துருக்கறை வழிந்தாலோ, குழாய் நீள்வட்டமாகியிருந்தாலோ கனரக வாகனத்தை நிறுத்திவிட்டுப் பிரதேச சபையிலோ வீதியின் பொறுப்பு அலுவலகத்திலோ எழுத்தில் அறிவியுங்கள். கடனீரேரிக் கரையோரத்தில் துருக்கறை கண்டால் மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், உப்பு காத்திருக்காது.

பென்சில் கோட்டைச் சிறு பிள்ளைகள் அழித்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். கோட்டின் முனையில் கொங்கிறீற் ஆணி ஒன்றை மெல்லத் தட்டி விடுங்கள், அது நிற்கும்.